வொரோனேஷ் பாடங்கள்

நாலரைக்கு ஆதிரையின் பரீட்சை முடிந்துவிடும். அங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டு. இப்போது மூன்றேகால். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது, ஏனென்றால் கோமதியின் போனில் பேட்டரி நிற்பதில்லை, சார்ஜர் வயர் முழ நீளம்தான், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்கில்தான் அது ஒழுங்காக ஏறும். புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்று ஆதிரை போன வருஷமே சொன்னாள். இது போதும், கூப்பிட்டால் அடிக்கிறதல்லவா என்றாள் கோமதி. அடிக்கிறது. ஒன்பது நாளாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிரிட்ஜ் முதுகுக்குப் பின்னால் உறுமிவிட்டு நிற்கிறது, நின்றதும் வீடு இவ்வளவு சத்தமில்லாமலா இருந்தது என்று தோன்றுகிறது, பிறகு கூடத்தில் அண்ணாச்சி பேப்பரைத் திருப்பும் சத்தம் கேட்கிறது. போன வாரம் புதன்கிழமை காலையில் கோமதி இறந்துபோனாள். வியாழக்கிழமை சிந்துபூந்துறையில் எரித்தோம். ஜெர்மனியில் படிக்கிற எங்கள் ஒரே மகள் ஆதிரைக்கு இது இன்னும் தெரியாது. இந்த மூன்று வாக்கியங்களையும் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டும் வந்துவிடுகின்றன. மூன்றாவதில் நாக்கு நிற்கிறது.

“மாப்ள, டீ குடிக்கேரா?” என்கிறார் கூடத்திலிருந்து. கோமதியின் அண்ணன் ஆவுடையப்பன். எழுபத்தாறு வயது. நான் முப்பத்தைந்து வருஷமாக அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். வேண்டாம் அண்ணாச்சி என்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லா யோசிச்சுக்கிடும். நாளைக்குச் சாயங்காலம் பிளேனு ஏறப்போறா. ஞாயித்துக்கெழம காலைல திருவனந்தபுரத்துல நான் போயி கூட்டிட்டு வாரேன். வியாழக்கெழம பதினாறுக்குப் பிள்ள வீட்டுல இருப்பா. நடுவுல நீரு போனுல சொல்லி, ஒத்தையில அந்தப் பனிக்குள்ள அது மயங்கி விழுந்துச்சுன்னா யாரு தூக்குவா? நீரு தூக்குவேரா இங்கன இருந்து?” என்கிறார். இது நேற்றும் சொன்னதுதான். நேற்று ‘பிளேனுக்குள்ள பத்து மணி நேரம்’ என்றார், இன்றைக்குப் பனி. அவர் சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம். கோமதியின் படம் சட்டம் போடுகிற கடையில் தயாராகி நாலு நாளாகக் கிடக்கிறது. வாங்கி வந்து மாட்ட வேண்டாம், பிள்ளை வந்து, பைய எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்றார். அது மட்டும் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். முன்பு செய்த காரியத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் அவ்வளவுதான், படத்தை முன்கூட்டி மாட்டக்கூடாது.

முன்பு செய்த காரியம் என்றால் அது கோமதி ருஷ்யாவில் படிக்கும்போது. அப்போது அதற்கு சோவியத் என்று பேர். வொரோனேஷ் என்ற ஊர். இருபது வயதில் உதவித்தொகை கிடைத்து வேதியியல் படிக்கப் போனாள். ஆறு வருஷம். திரும்பி வந்து பாளையங்கோட்டையில் கல்லூரி வேலையில் சேர்ந்தபோது, அதே துறையில் நான் ஆய்வக உதவியாளன். பத்தாவது வரை படித்தவன், மீதியைப் பாட்டில்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளிலிருந்தும் அவள் மேஜையில் விட்டுப்போன புத்தகங்களிலிருந்தும் படித்தேன். கல்யாணம் என்று பேச்சு வந்தபோது அண்ணாச்சி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார், “ருஷ்யாவுக்குப் போயிட்டு வந்தவளுக்கு டெஸ்ட் டியூப் கழுவுதவந்தானா கெடச்சான்!” கோமதி உள்ளே இருந்தபடியே, “நல்லாக் கழுவுதாரு அண்ணாச்சி, ஒண்ணுகூட ஒடச்சது கெடயாது” என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் நான் அவளை மேடம் என்றே கூப்பிட்டேன். நான் போன அதிக தூரம் மெட்ராஸ். ஆனால் வொரோனேஷிலிருந்து மாஸ்கோ போகும் ராத்திரி ரயிலில் எந்தப் பெட்டியில் வெந்நீர் கொதிக்கும், கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொள்ள உலோகக் கைப்பிடி எப்படி இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அவள் சொல்லிச் சொல்லிக் கேட்டது. சொல்லும்போது பாடமாகச் சொல்லுவாள், வாத்தியார் அல்லவா. கைப்பையில் ஒரு நாள் துணியும் ஒரு துண்டும் வை, பெட்டி அதன் இஷ்டத்துக்கு வேறு ஊர் போகும். வழியை இரண்டு பேரிடம் கேள், ஒருத்தரிடம் மட்டும் கேட்டால் அவர் போகிற ஊருக்குத்தான் போய்ச் சேருவாய். ரயிலில் யாராவது ரொட்டி நீட்டினால் பசிக்கவில்லை என்று சொல்லாதே, அவர்களுக்குப் பேச ஆள் வேண்டியிருக்கிறது. ஆதிரை சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இவற்றுக்கு வொரோனேஷ் பாடம் என்று பேர் வைத்துவிட்டாள். சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறப் போனால்கூட, அம்மா, வொரோனேஷ் பாடம் எடுக்கலையா என்பாள். நான் சிரிப்பேன். சில நாள் எரிச்சலாகவும் இருக்கும். அந்த ஊரில் எனக்கு இடமே இல்லையே என்று. பனியில் வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவிட்டவன் யாரோ ஒரு வியட்நாம் பையன், நான் இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு கேட்டவன் இன்னும் நாலு கேள்வி கேட்டு வைத்திருக்கலாம்.

அவள் நாலாவது வருஷம் படிக்கும்போது, ஜனவரி மாதம், அவளுடைய அம்மா இறந்துபோனார். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஜூனில் எப்படியும் லீவில் வருகிறாள், இப்போது சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு கிடப்பாள், வரவும் முடியாது என்று பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் இது பழக்கம்தான். வெளியூரில் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் பிரியம். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு என்பதால் எப்போதும் அண்ணாச்சிதான் அம்மா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவார். அதனால் அவருக்குச் சுலபமாகிவிட்டது. எழுதிக்கொண்டே இருந்தார். அஞ்சு மாதம். அம்மா சொல்லச் சொன்னாள், குளிரில் காதை மூடிக்கொள். அம்மா சொல்லச் சொன்னாள், வேளைக்குச் சாப்பிடு. ஜூன் மாதம் கோமதி அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு வந்தாள். திருநெல்வேலி வெயிலுக்குக் கம்பளிச் சால்வை, அம்மாதான் கேட்டதாக ஒரு கடிதத்தில் இருந்ததாம். ஜங்ஷனுக்கு அண்ணாச்சி கூப்பிடப் போனார். வண்டியில் வரும்போது அவருக்கு வாய் வரவில்லை. இவள் ரயிலில் நடந்த கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். வாசலில் இறங்கி அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள். எதிர்ச் சுவரில் படம், பொட்டு வைத்து, மாலை போட்டு.

இதை அவள் என்னிடம் சொன்னது கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து. ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். உறைந்துபோன ஆற்றின் மேல் நாலைந்து பெண்கள், நடுவில் இவள், தலையில் ரோமத் தொப்பி, வாய் முழுக்கச் சிரிப்பு. பின்பக்கம் தேதி இருந்தது. அதற்குக் கீழே வேறு மையில் பதினாறு என்று எழுதியிருந்தாள். “அன்னைக்கு அம்மா போயி பதினாறாம் நாளு. இங்க எல்லாரும் பந்தியில உக்காந்து பாயசம் ஊத்துங்கன்னு கேட்டுட்டு இருந்திருப்பாங்க. நான் அங்க பல்லக் காட்டிட்டு நிக்கேன்” என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன், உங்களுக்குத் தெரியாதே, தெரியாமல் சிரித்தது எப்படித் தப்பாகும் என்றேன். அவள் அதற்குக் கோபப்பட்டாள். தப்பு என்று யார் சொன்னது, என் அஞ்சு மாதத்தை எடுத்துக்கொண்டார்கள், அந்த அஞ்சு மாதமும் நான் வேறு யாரோ ஒருத்தியின் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தேன், அதைத்தான் சொல்கிறேன் என்றாள். பிறகு, தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்றாள். மாஸ்கோவிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து திருநெல்வேலி, அத்தனை தூரத்தையும் அழுதுகொண்டே வந்திருந்தால் வீட்டுக்கு வரும்போது கொஞ்சமாவது வந்து சேர்ந்திருப்பேன் என்றாள். ஆதிரை ஜெர்மனிக்குக் கிளம்பியபோது என்னிடம் தனியாகச் சொன்னாள், நமக்கு என்ன ஆனாலும் அவளுக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் இதோ இங்கேதான் இருக்கிறது.

ஆனால் அவளேதான் எழுதினாள். அதையும் நான் விட்டுவிட முடியாது. தொண்டையில் ஒரு கட்டி, சின்ன ஆபரேஷன், பதினைந்து நாள் பேசக்கூடாது, அவ்வளவுதான் ஆதிரைக்குத் தெரியும். திங்கள்கிழமை ஆஸ்பத்திரியிலேயே காய்ச்சல் வந்தது. பேச முடியாததால் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள்: ஆதிரையிடம் சொல்ல வேண்டாம், பரீட்சை முடியட்டும். செவ்வாய்க்கிழமை, காபி தருவார்களா என்று எழுதினாள். புதன்கிழமை விடிந்ததும் நெஞ்சு நின்றுவிட்டது. அந்த நோட்டை அண்ணாச்சி எல்லோருக்கும் காட்டினார். பாத்தேரா, அவளே சொல்லிட்டுப் போயிட்டா என்றார். அவள் காய்ச்சலைப் பற்றி எழுதினாள், போவதைப் பற்றி எழுதவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். போகப்போகிறோம் என்று தெரிந்தவள் மறுநாள் காபி கேட்பாளா. அல்லது தெரிந்துதான் எழுதினாளோ. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அண்ணாச்சியை மன்னிக்காதவள், தன் பிள்ளை என்று வந்ததும் அண்ணாச்சி செய்ததையே செய்யச் சொன்னாளோ. எந்தக் கோமதியின் பேச்சை நான் கேட்பது, முப்பத்தைந்து வருஷக் கோமதியா, மூன்று நாள் கோமதியா. ஒன்பது நாளாக இந்த இடத்தில்தான் சுற்றுகிறேன். மனசு இங்கே வந்து நிற்கும், பிறகு முதலிலிருந்து கிளம்பும். மூன்று ஐம்பது. பால்காரர் மணி அடித்துவிட்டுப் போகிறார். அண்ணாச்சி எழுந்து போய்ப் பாலை வாங்கிக்கொண்டு வருகிறார், பாத்திரத்தை மேடையில் வைக்கும்போது கொஞ்சம் சிந்துகிறது. துடைக்கத் துணி தேடுகிறார். துணி எங்கே இருக்கும் என்று கோமதிக்குத்தான் தெரியும் என்று நினைத்து, பிறகு எனக்கும் தெரியும் என்று நினைவு வந்து, சொல்கிறேன்.

எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் குளித்துவிட்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போனில் வெளிச்சம் வந்தது. அம்மா, தூங்கிட்டியா? நான் எடுத்து, இல்லை என்று அடித்தேன். ஒரு வார்த்தை. கேள்வி கேட்டாள், பதில் சொன்னேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. தொண்டை வலிக்குதா? கொஞ்சம். மாத்திரை போட்டியா? போட்டேன். பொய் என்று அப்போது தோன்றவேயில்லை. கோமதி எப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரியும், சுருக்கமாக எழுதுவாள், கடைசியில் முற்றுப்புள்ளி வைப்பாள். நானும் வைத்தேன். மறுநாள் ஆதிரை பயணத்தைப் பற்றிக் கேட்டாள். அம்மா, தோஹாவில் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு, விமானம் மாற முடியுமா? நான் எழுதினேன், இறங்கினதும் கடைகளைப் பார்க்காதே. முதலில் அடுத்த விமானம் எந்த வாசல் என்று போய்ப் பார்த்துவிட்டு வா. பிறகு வேடிக்கை பார். அவள் சிரிக்கிற பொம்மை நாலு போட்டு, பாடம் ஆரம்பிச்சாச்சா என்று கேட்டாள். ஆரம்பித்துவிட்டது. கைப்பையில் ஒரு நாள் துணி. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைக்காதே, உடம்போடு வை. நான் தோஹாவைப் பார்த்தது இல்லை, விமானத்துக்குள் கால் வைத்தது இல்லை, ஆனால் எழுதிக்கொண்டே போனேன், எனக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. அம்மா, உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்? இதற்கு மட்டும் ராத்திரி முழுக்கப் பதில் போடவில்லை. காலையில், ஒன்றும் வேண்டாம், நீ வந்தால் போதும் என்று எழுதினேன். முந்தாநாள் ஒரு போட்டோ அனுப்பினாள். பல்கலைக்கழக வாசலில் பனி. கூடத் தங்கியிருக்கிற ஷைனி என்கிற பெண் எடுத்தது. ஆதிரை இரண்டு கையிலும் பனியை அள்ளி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறாள். நான் பார்த்தவுடன் எண்ணிவிட்டேன். எட்டாம் நாள்.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. அவள் மயங்கி விழுவாள் என்கிற பயம் இல்லை. விழமாட்டாள், கோமதி வளர்த்த பிள்ளை. இது வேறே. இந்தப் போனை எடுத்து அப்பா பேசுகிறேன் என்று நான் சொன்னால், அங்கேயும் கோமதி போய்விடுவாள். இப்போது உலகத்தில் அந்த ஒரு ஊரில் மட்டும் கோமதி இருக்கிறாள், தொண்டைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு பேசாமல் படுத்திருக்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் போடுகிறாள். ஒன்பது நாளாக நான் பிள்ளைக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்தேனே, அது உண்மையா. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அம்மா என்று இந்த வீட்டில் ஒரு சத்தம் வருகிறது, அதற்கு ஒரு பதில் போகிறது. அதை நிறுத்தப் போகிறவன் நான். கூடத்தில் பேப்பர் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்க்கிறேன். அண்ணாச்சி பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஒன்றும் மாட்டாத இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அஞ்சு மாதம் அவர் எழுதிய கடிதங்களைப் பற்றி இதுவரை நான் ஒரு பக்கமாகத்தான் நினைத்திருக்கிறேன். கோமதியைப் பெற்ற தாய் அவருக்கும் தாய்தான். ‘அம்மா சொல்லச் சொன்னாள்’ என்று எழுதும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும். கேட்கலாம். கேட்டால், “அதெல்லாம் இப்ப எதுக்கு வே” என்பார்.

நாலு இருபதுக்கே போன் அடித்துவிட்டது. நாலரை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்குக் கை ஓடவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் யோசித்து முடித்திருப்பேன் என்று ஒரு முட்டாள்தனமான நினைப்பு. அண்ணாச்சி அடுக்களை வாசற்படிக்கு வந்து நிற்கிறார். “எடுக்காதேயும். பேசக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியும்லா, வச்சிருவா.” எடுத்துவிட்டேன். காதில் வைப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது. “அம்மா, நீ பேசாத! பேசக்கூடாது. சும்மா கேளு. முடிஞ்சிருச்சு! கால் மணி நேரம் முன்னாடியே குடுத்துட்டு வந்துட்டேன். கடைசிக் கேள்வி இருக்குல்ல, நீ சொல்லிக் குடுத்த அதே டைட்ரேஷன் கணக்கு, என்னால சிரிப்ப அடக்க முடியல, எங்கம்மா பாளையங்கோட்டைல இருந்துக்கிட்டு இந்த ஊர் கொஸ்டின் பேப்பர அவுட் பண்ணிட்டாங்கன்னு ஷைனிகிட்ட சொல்லணும். அப்புறம் கேளு, வெளிய வந்து படியில வழுக்கி, நேரா எங்க புரொபசர் கால்ல போய் விழுந்தேன். அவரு பாவம், என்ன பண்ணுறதுன்னு தெரியாம ஆசீர்வாதம் பண்ணுற மாதிரியே நின்னாரு...” அவள் சிரிக்கிறாள். மூச்சு வாங்க, குளிரில் பல் தட்ட, தெருவில் நடந்துகொண்டே சிரிக்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம். இந்தக் கதை முடியட்டும். அண்ணாச்சி கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டுகிறார், அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

“ஆதிரை.”

சிரிப்பு உடனே நிற்கவில்லை, ஓடிவந்த பிள்ளை நிற்பதைப் போல நாலு அடி போய் நின்றது. “அப்பாவா? அம்மா போன நீங்க ஏன்பா எடுத்தீங்க?”

“பக்கத்துல ஷைனி இருக்காளா?”

“இல்ல. அவளுக்கு ரெண்டு மணி வரைக்கும் கிளாஸ்.” பிறகு, “ஏன் கேக்கீங்க?” பிறகு நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், குரல் ரொம்பச் சின்னதாக, “ஏன்பா?”

சொன்னேன். மூன்று வாக்கியம் என்று வைத்திருந்தேன், அப்படி வரவில்லை. அம்மா இல்லம்மா என்று மட்டும் வந்தது. அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகிற சத்தம், யாரோ அவர்கள் பாஷையில் எதையோ சொல்லிக்கொண்டு போகிறார்கள். “எப்போ?” என்றாள். போன புதன்கிழமை என்றேன். இப்போது அவளும் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அப்ப அந்த மெசேஜ் எல்லாம்?”

“நாந்தான்.”

“எல்லாமேவா?”

“ஆமா.”

“கைப்பையில துணி வைன்னது?”

“ஆமாம்மா.”

இவ்வளவு நேரமும் வராத அழுகை அப்போது வந்தது. அழுகையா, அது ஒரு சத்தம், அதற்கு நான் பேர் வைக்க மாட்டேன். அது கொஞ்சம் அடங்கிய பிறகு கேட்டாள், “யாருப்பா சொல்ல வேண்டாம்னது? மாமாவா?” அண்ணாச்சி எதிரில்தான் நிற்கிறார். மாமா என்று சொல்லியிருக்கலாம், அவரும் ஏற்றுக்கொண்டிருப்பார், அவருக்குப் பழக்கம். அம்மா எழுதினாள் என்றேன். காய்ச்சலாக இருக்கும்போது எழுதினாள், பரீட்சை முடியட்டும் என்று.

“அவ எழுதுவா,” என்றாள் என் மகள். “அவ அம்மா, அவ எழுதத்தான் செய்வா. நீங்க எப்படிப்பா அதக் கேட்டீங்க?”

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஏதோ பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் போல, துணி உரசும் சத்தம் கேட்டது. ஒரு பஸ் வந்து நின்று, கதவு மூச்சு விடுவதைப் போலத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. நானும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன், அடுத்த பஸ் வருவதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதிலும் அவள் ஏறவில்லை.